அரை மணி நேரச் சிரிப்பு, பத்து லட்சம் டாலர் சம்பளம்: அமெரிக்க சிட்காம்களின் காசுக் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சிட்காம்களைப் பற்றி நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் சம்பளத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரு சோபா, ஒரு காபி கப், நாலு ஜோக். இதற்கா இவ்வளவு பணம் என்ற கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். சிட்காம் என்றால் அதே வீடு, அதே ஆட்கள், வாரத்துக்கு ஒரு சிக்கல் என்று அரை மணி நேரத்தில் முடியும் நகைச்சுவைத் தொடர். விளம்பரம் போக உள்ளே இருப்பது 22 நிமிடம்தான்.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஆறு பேரும் எபிசோடுக்குத் தலைக்குப் பத்து லட்சம் டாலர் வாங்கியது உண்மையா?

உண்மைதான், ஆனால் கடைசி இரண்டு சீசன்களில் மட்டும். 1994-ல் என்பிசி சேனலில் தொடர் ஆரம்பித்தபோது எபிசோடுக்கு 22,500 டாலர். மூன்றாவது சீசனில் 75,000. அப்புறம் வருடத்துக்குக் கொஞ்சமாக ஏறி ஆறாவது சீசனில் 1,25,000. ஏழாவதில் ஒரே தாவலாக 7,50,000. ஒன்பதாவது, பத்தாவது சீசன்களில் 10 லட்சம். 2002 வாக்கில் அது நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்து கோடி ரூபாய். ஒருவருக்கு, ஒரு எபிசோடுக்கு.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை அல்ல, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில் உள்ள தாவலை. ஒரு வருடத்தில் நடிப்பு ஆறு மடங்கு மெருகேறிவிடவில்லை. 1998-ல் தொடரின் பழைய எபிசோடுகள் உள்ளூர் ஸ்டேஷன்களில் தினசரி மறுஒளிபரப்புக்குப் போக ஆரம்பித்திருந்தன. 2000-ல் நடிகர்களின் ஒப்பந்தம் முடிந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் தாவல். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

விளம்பர வருமானத்திலேயே இந்தச் சம்பளத்தைக் கொடுத்துவிட முடியுமா?

போட்டுப் பார்ப்போம். அரை மணி நேரத்தில் விளம்பரத்துக்கு சுமார் எட்டு நிமிடம், அதாவது முப்பது விநாடி விளம்பரம் பதினாறு. அதில் சில உள்ளூர் ஸ்டேஷன்களுக்குப் போய்விடும். கடைசி சீசனில் 'ஃப்ரெண்ட்ஸ்' நடுவே முப்பது விநாடியின் விலை நான்கரை லட்சம் டாலருக்கு மேல். என்பிசி-யின் பங்கு பதினாலு என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு ஒளிபரப்புக்கு 65 லட்சம் டாலர் பக்கம் வருகிறது. ஆனால் அந்தக் கடைசி சீசனுக்கு என்பிசி எபிசோடுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் கொடுத்தது. அதே சீசனுக்குள் இரண்டாம் முறை போட்டுக் கொஞ்சம் மீட்டிருக்கலாம். அப்படியும் அள்ளிக் கொட்டும் வியாபாரமாக இது இல்லை.

பிறகு ஏன் கொடுத்தார்கள்? வியாழன் இரவுக்காக. அமெரிக்காவில் வார இறுதி சினிமாவுக்கும் கடைவீதிக்கும் ஆட்களை இழுக்கும் விளம்பரங்கள் வியாழன் இரவில்தான் குவியும். அந்த இரவின் முதல் அரை மணி நேரத்தில் ஆட்களை உட்கார வைத்துவிட்டால், அடுத்தடுத்து வரும் தொடர்களுக்கும் அவர்களே பார்வையாளர்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' கடையின் வாசலில் வைத்த சரக்கு. அதில் லாபம் குறைந்தாலும் உள்ளே வருகிறவர் வேறு எதையாவது வாங்குவார்.

2004 மே 6 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோட் மட்டும் தனிக்கதை. ஐந்து கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். முப்பது விநாடி விளம்பரம் சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது.

கொடுத்தது என்பிசி என்கிறீர்கள். அப்படியானால் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்கள்தானா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் இவையெல்லாம் நெட்வொர்க்குகள், ஒளிபரப்புகிறவர்கள். தொடரைத் தயாரிப்பது ஸ்டூடியோ. 'ஃப்ரெண்ட்ஸ்' வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு. ஸ்டூடியோ தொடரை நெட்வொர்க்குக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகைக்கு லைசன்ஸ் கட்டணம் என்று பேர். முதல் சில வருடங்களில் அந்த வாடகை தயாரிப்புச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். துண்டு விழும் பணத்தை ஸ்டூடியோ கையிலிருந்து போடும்.

தெரிந்தே நஷ்டத்தில் ஓட்டுவார்கள். ஏனென்றால் வாடகைக் காலம் முடிந்ததும் படச்சுருள் ஸ்டூடியோவிடம் திரும்பி வந்துவிடும். அதை வேறு ஸ்டேஷன்களுக்கு, வேறு நாடுகளுக்கு, திரும்பத் திரும்ப விடலாம். வீடு கட்டுகிறவர் முதல் குடித்தனக்காரரின் வாடகையிலேயே கட்டுமானச் செலவு முழுவதையும் எடுத்துவிட நினைப்பாரா?

நூறு எபிசோட், நூறு எபிசோட் என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

மறுஒளிபரப்பு விற்பனைக்குச் சிண்டிகேஷன் என்று பேர். ஊர் ஊராக இருக்கும் உள்ளூர் ஸ்டேஷன்கள் மாலையில், செய்திக்கு முன்னும் பின்னும், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு எபிசோட் போடும். வாரத்துக்கு ஐந்து, இருபது வாரத்துக்கு நூறு. நூறு இருந்தால் ஐந்து மாதம் ஒரே எபிசோட் இரண்டாம் முறை வராது. அதற்குக் குறைந்தால் பார்க்கிறவர் 'இதைப் போன வாரம்தானே பார்த்தோம்' என்று சேனலை மாற்றிவிடுவார். எண்பத்தெட்டு வந்தாலே விற்றவர்களும் உண்டு.

வருடத்துக்கு 22 முதல் 24 எபிசோட் என்ற பழைய கணக்கில் நூறைத் தொட ஐந்தாவது சீசன் வரை ஓட வேண்டும். மூன்றாவது சீசனோடு நிறுத்தப்பட்ட தொடர் என்றால், ஸ்டூடியோ போட்ட பணம் பெரும்பாலும் போனது போனதுதான். பத்துத் தொடர் எடுத்தால் ஒன்று நூறைத் தாண்டும். அந்த ஒன்று மற்ற ஒன்பதின் கடனையும் அடைக்கும். மூன்றாவது, நான்காவது சீசனில் ரேட்டிங் சுமாராக இருக்கும் சில தொடர்கள் ஏன் உயிரோடு இழுக்கப்படுகின்றன என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான். கரை தெரியும் தூரத்தில் படகைக் கைவிட மனம் வராது.

மறுஒளிபரப்பில் பணம் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார்?

கண்டுபிடித்தது என்று ஒருவரைச் சுட்டுவது கஷ்டம். ஆனால் லூசில் பால், டெசி ஆர்னாஸ் என்ற கணவன் மனைவியின் கதையைச் சொல்லாமல் யாரும் இதைப் பேச முடியாது.

1951. அன்றைய டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலை. மேற்குக் கரைக்கு அதைக் காட்ட, டிவி திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து அப்படியே படம் பிடித்து அனுப்புவார்கள். கலங்கலான படம். டிவி வைத்திருந்த வீடுகள் அதிகம் கிழக்கில் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஐ லவ் லூசி' தொடரையும் நியூயார்க்கில் நேரலையாக நடத்த வேண்டும் என்றது சிபிஎஸ். ஸ்பான்சரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனிக்கும் அதே விருப்பம். தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டுப் போக மனமில்லை.

அவர்கள் சொன்ன மாற்று யோசனை: இங்கேயே, சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டு, பார்வையாளர்கள் எதிரில் நாடகம் போல நடிக்கிறோம். சிரிப்பும் நேரலைபோல இருக்கும், படமும் சினிமாபோலத் துல்லியமாக இருக்கும். ஒளிப்பதிவுக்கு ஜெர்மனியின் மௌனப்பட காலத்திலேயே பேர் வாங்கிய கார்ல் ஃப்ராய்ண்ட் வந்தார். மூன்று கோணங்களில் எங்கிருந்து எடுத்தாலும் நிழல் விழாதபடி விளக்குகளை மேலே தொங்கவிட்டார். ஸ்டூடியோவில் ஆடியன்ஸ் முன்னால் எடுக்கும் சிட்காம்கள் இன்றும் ஏறக்குறைய இந்த முறையில்தான் நடக்கின்றன.

ஃபிலிமில் எடுத்தால் செலவு கூடும். கூடுதல் செலவுக்கு ஈடாகத் தங்கள் வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: அந்த ஃபிலிம் எங்கள் டெசிலு கம்பெனிக்குச் சொந்தம். சிபிஎஸ் உடனே ஒப்புக்கொண்டது. ஒரு முறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை யார் மறுபடி பார்ப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது சீசனில் லூசில் கர்ப்பமாக இருந்தார். எடுக்க முடியாத வாரங்களைச் சமாளிக்கப் பழைய எபிசோடுகளைப் போட்டார்கள். ஜனங்கள் பார்த்தார்கள். சில வருடம் கழித்து அந்த எபிசோடுகளின் உரிமையை சிபிஎஸ் திருப்பி வாங்கியபோது கொடுத்த விலை 40 லட்சம் டாலருக்கு மேல். 1957-ல் டெசிலு, ஆர்கேஓ ஸ்டூடியோ வளாகங்களையே வாங்கிவிட்டது. அது லூசில் ஒரு காலத்தில் மாதச் சம்பளக்காரியாகத் துணை வேடங்கள் செய்த இடம். இருவரும் முதன்முதலில் சந்தித்ததும் அங்கே எடுத்த ஒரு படத்தில்தான்.

அப்படியிருந்தும் நெட்வொர்க்குகளே எல்லாவற்றையும் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளவில்லையே, ஏன்?

அரசு விடவில்லை. 1970-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டது: மூன்று பெரிய நெட்வொர்க்குகளும் தாங்கள் ஒளிபரப்பும் வெளித்தயாரிப்புகளின் மறுஒளிபரப்பு லாபத்தில் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது. தனித் தயாரிப்பாளர்கள் செழித்த காலம் அது. 1993-ல் விதி தளர்த்தப்பட்டது. அதன் பிறகு நெட்வொர்க்கும் ஸ்டூடியோவும் ஒரே குடும்பத்துக்குள் சேர ஆரம்பித்தன. வலது பை இடது பைக்கு எவ்வளவு வாடகை கொடுக்கிறது என்ற சண்டைகளும் அப்போதே ஆரம்பித்தன. அண்ணன் கம்பெனி தம்பி கம்பெனிக்கு மலிவாக விட்டுக்கொடுத்தால், நஷ்டம் லாபப் பங்கு வைத்திருக்கும் நடிகருக்குத்தானே.

ஆரம்பத்தில் நடிகர்கள் ஏன் அவ்வளவு குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

போடாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். பைலட் எனப்படும் மாதிரி எபிசோடுக்கு ஆள் தேடும்போது கடைசிச் சுற்று நெட்வொர்க் அதிகாரிகள் முன்னால் நடக்கும். அந்த அறைக்கு வெளியே நடைவழியில், ஒரே வேடத்துக்கு வந்த மூன்று நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்து அதே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே போவதற்கு முன்பே எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாக வேண்டும்: வேடம் கிடைத்தால், பைலட் தேறினால், தொடர் ஓடினால், ஆறேழு வருடத்துக்கு இன்ன சம்பளம், வருடத்துக்கு இவ்வளவு சதவீத உயர்வு. அந்த நிமிடத்தில் அவர்கள் வேலையில்லாத நடிகர்கள். பேரம் பேசும் நிலையில் யாரும் இல்லை.

மறுபக்கம், கம்பெனி எப்போது வேண்டுமானாலும் தொடரை நிறுத்தலாம். நடிகர் விலக முடியாது. ஒருவழிப் பாதை.

ஆனால் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. யாரையும் ஏழு வருடத்துக்கு மேல் தனிநபர் சேவை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது. 1940-களில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டு அதை நிலைநாட்டினார். 2012 ஜூலையில் 'மாடர்ன் ஃபேமிலி' நடிகர்கள் அதே சட்டத்தை எடுத்தார்கள். நான்காவது சீசனுக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்ட் வாசிக்க வேண்டிய நாள். யாரும் வாசிக்கவில்லை, வழக்குத்தான் வந்தது. எங்கள் ஒப்பந்தம் ஏழு வருடத்தைத் தாண்டுகிறது, ஆகவே செல்லாது என்பது வாதம். ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்த எட் ஓ'நீலும் வந்து சேர்ந்துகொண்டார். சில நாளிலேயே சமரசம் முடிந்தது. அறுபத்தைந்தாயிரம் டாலர் வாக்கில் இருந்த சம்பளம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

சேர்ந்து கேட்டால்தான் கிடைக்குமா? தனியாகக் கேட்டவர்கள் கதி?

1980-ல் சூசன் சோமர்ஸுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏபிசி-யில் ஓடிய 'த்ரீஸ் கம்பெனி' அப்போது நாட்டின் பெரிய ஹிட்களில் ஒன்று. அவருக்கு எபிசோடுக்கு 30,000 டாலர். உடன் நடித்த ஜான் ரிட்டருக்கு அதைவிடப் பல மடங்கு. ஐந்தாவது சீசன் தொடங்கும்போது, எனக்கும் 1,50,000 டாலரும் லாபத்தில் 10 சதவீதமும் வேண்டும் என்றார். மறுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதனால் ஒரு விசித்திர ஏற்பாடு செய்தார்கள். அவருடைய கதாபாத்திரம் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டது என்று கதையை மாற்றினார்கள். எபிசோடுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், அவர் ஊரிலிருந்து போனில் பேசுவார். அந்தக் காட்சியை மற்ற நடிகர்கள் இல்லாத நேரத்தில், தனியாகப் படம் பிடித்தார்கள். கூட நடித்தவர்களை அவர் பார்க்கவே இல்லை. சீசன் முடிந்ததும் வேலை போனது. 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். கடைசியில் நடுவர் தீர்ப்பில் கிடைத்தது ஒரே ஒரு எபிசோடின் பாக்கிச் சம்பளம், 30,000 டாலர்.

அவர் கேட்டது நியாயமான தொகை என்பதே என் எண்ணம். பிழை தொகையில் இல்லை. அவர் இல்லாமலும் தொடர் ஓடும் என்று கம்பெனி கணக்குப் போட்டது, ஓடவும் செய்தது.

பதினாறு வருடம் கழித்து 'ஃப்ரெண்ட்ஸ்' ஆறு பேர் செய்தது இதற்கு நேர் எதிர். இரண்டாவது சீசனில் ஆளுக்கு ஒரு சம்பளம் இருந்தது. ஜெனிஃபர் அனிஸ்டனும் டேவிட் ஷ்விம்மரும்தான் அதிகம் வாங்கினார்கள். மூன்றாவது சீசனுக்கு ஆறு பேரும் ஒரே அணியாகப் பேசினார்கள். அதிகம் வாங்கியவர்கள் இறங்கி வந்து மற்றவர்களோடு ஒரே தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் அவர்களுக்கு அது நஷ்டம்கூட. ஆனால் ஆறு பேரையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு அந்தத் தொடரை யாராலும் நடத்த முடியாது. நட்பு என்று பத்திரிகைகள் எழுதின. நட்பும் இருந்திருக்கும், எனக்குத் தெரிவது நல்ல தொழிற்சங்க புத்தி.

'பிக் பேங் தியரி' நடிகர்கள் சக நடிகைகளுக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்களாமே?

ஆமாம், 2017-ல். முதல் சீசனிலிருந்து இருந்த ஐந்து பேர் ஜிம் பார்சன்ஸ், ஜானி கலெக்கி, கேலி குவோகோ, சைமன் ஹெல்பெர்க், குணால் நய்யர். ஆளுக்கு எபிசோடுக்கு 10 லட்சம். பிறகு வந்து சேர்ந்த மயிம் பியாலிக், மெலிசா ராவ்ச் இருவருக்கும் இரண்டு லட்சம் வாக்கில்தான். வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐவரும் ஆளுக்கு ஒரு லட்சத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்தார்கள் என்று செய்தி வந்தது. ஐந்து லட்சம், இரண்டு பேருக்குப் பிரித்தால் இரண்டரை. இருவரின் சம்பளமும் நாலு லட்சத்தைத் தாண்டியது.

நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்டூடியோவின் மொத்தச் சம்பளச் செலவு அதிகம் கூடவில்லை. இருக்கிற இட்லியையே பிரித்துச் சாப்பிட்டார்கள். இட்லித் தட்டு பெரிதாகவில்லை.

சம்பளம், லாபப் பங்கு, ரெசிடுவல் மூன்றும் வேறு வேறா?

வேறு வேறு. குழப்பிக்கொண்டால் எந்தச் செய்தியும் புரியாது.

சம்பளம் எபிசோடுக்கு ஒரு முறை. ரெசிடுவல் என்பது மறுஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் நடிகர் சங்க ஒப்பந்தப்படி கிடைக்கும் தொகை. முறை கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். பெரிய நடிகர், சின்ன நடிகர் எல்லோருக்கும் உண்டு. லாபப் பங்கு அப்படி அல்ல. அது தனியாகப் பேசி வாங்க வேண்டியது, ஒரு சிலருக்கே கிடைப்பது.

ரெசிடுவல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1974 வரைக்கும் சில மறுஒளிபரப்புகளோடு கணக்கை முடித்துவிடுவார்கள். 1964 முதல் 1967 வரை ஓடிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் பார்க்கிற தொடராக ஓடிக்கொண்டே இருந்தது. நடித்தவர்களுக்கோ முதல் சில சுற்றுகளோடு வரவு நின்றுபோனது. தெருவில் போனால் எல்லோருக்கும் அடையாளம் தெரியும், செக் மட்டும் வராது.

லாபப் பங்கின் வித்தியாசத்துக்கு 'சைன்ஃபெல்ட்'. கடைசி சீசனில், அதாவது 1997-98-ல், நாயகன் ஜெரி சைன்ஃபெல்டுக்கு எபிசோடுக்கு 10 லட்சம். மற்ற மூவரும், ஜூலியா லூயி-டிரைஃபஸ், ஜேசன் அலெக்சாண்டர், மைக்கேல் ரிச்சர்ட்ஸ், தாங்களும் பத்து லட்சம் கேட்டு ஆறு லட்சத்தில் முடித்தார்கள். பிரமாதமான சம்பளம்தான். ஆனால் மறுஒளிபரப்பு லாபத்தில் ஜெரிக்கும், அவரோடு தொடரை உருவாக்கிய லாரி டேவிடுக்கும் இருந்த பங்கு இந்த மூவருக்கும் இல்லை. 2004-ல் டிவிடி வந்தபோது, அதற்கான பேட்டிகளில் கலந்துகொள்ள மூவரும் முதலில் மறுத்தார்கள். எங்கள் முகத்தை வைத்து வரும் பணத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லையே என்பது அவர்கள் ஆதங்கம். 'ஃப்ரெண்ட்ஸ்' ஆறு பேர் 2000-ல் பேசியபோது சம்பளத்தோடு லாபப் பங்கையும் கேட்டு வாங்கினார்கள்.

கம்பெனிகளுக்கு எது உயிர் என்பதும் ஒரு முறை வெளிப்படையாகத் தெரிந்தது. 2011-ல் 'தி சிம்ப்சன்ஸ்' குரல் நடிகர்களின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்றது ஃபாக்ஸ். நடிகர்களில் ஒருவரான ஹாரி ஷியரர், 70 சதவீதத்துக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு லாபத்தில் சின்னப் பங்கு கொடுங்கள் என்றார். முடியாது என்றார்கள்.

ஒரு எபிசோடுக்குப் பத்து லட்சம் என்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

ஏஜென்டுக்கு 10 சதவீதம். மேனேஜர் இருந்தால் இன்னொரு பத்தோ பதினைந்தோ. வக்கீலுக்கு ஐந்து. மிச்சத்துக்கு மத்திய அரசு வரி, கலிஃபோர்னியா மாநில வரி. இரண்டின் உச்ச விகிதத்தையும் கூட்டினாலே பாதியை நெருங்கும். பத்தில் நான்கு நின்றால் அதிர்ஷ்டம். பரிதாபப்பட வேண்டாம், நாலு லட்சம் டாலர் அது.

நட்சத்திரம் கிறுக்குத்தனம் செய்தால்?

2011-ல் சார்லி ஷீன் செய்தார். 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' தொடரில் எபிசோடுக்கு 18 லட்சம் டாலர் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர், தொடரை உருவாக்கிய சக் லோரியையே பேட்டிகளில் வசைபாடினார். 24 எபிசோட் வர வேண்டிய சீசன் 16-ல் நின்றது. மார்ச்சில் அவரை நீக்கினார்கள். 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, செப்டம்பரில் சமரசம் ஆனார். அவர் இடத்துக்கு ஆஷ்டன் குட்சர் 7 லட்சம் வாக்கில் வந்தார். தொடர் இன்னும் நாலு வருடம் ஓடியது. நீக்கும்போது கையில் 177 எபிசோட் இருந்தது, நூறை எப்போதோ தாண்டியாகிவிட்டது. அதே ஆள் மூன்றாவது சீசனில் திட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஒரு காட்சியில் வந்துபோகும் நடிகர்களுக்கு?

2023-ல் நடிகர்களின் வேலைநிறுத்தம் நடந்தபோது நடிகர் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,082 டாலர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் வேலை? சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க அந்த வருடம் 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். 24 நாள் வேலை கிடைத்தாலும் எட்டாது. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு அது எட்டாத தொகைதான்.

ரெசிடுவல் செக் சில சமயம் சில சென்ட்டுக்கு வரும். தபால்தலை விலைகூடத் தேறாது. லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் ஒரு பார் இருந்தது; ஒரு டாலருக்குக் குறைவான ரெசிடுவல் செக்கைக் கொடுத்தால் ஒரு டிரிங்க் இலவசம். வாங்கிய செக்குகளைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டதா?

பழைய தொடர்களுக்குப் பொற்காலம், புதிய தொடர்களுக்குச் சந்தேகம்.

முதலில் பழையது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரை 2019 என்ற ஒரே வருடத்துக்கு வைத்துக்கொள்ள நெட்ஃப்ளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்தது. அதே வருடம் எச்பிஓ மேக்ஸ் என்ற இன்னொரு ஸ்ட்ரீமிங் தளம் ஐந்து வருடத்துக்கு 42.5 கோடி பேசியது. 201 எபிசோட் கொண்ட 'தி ஆஃபிஸ்' தொடருக்கு என்பிசி-யின் தாய்க் கம்பெனியான என்பிசியுனிவர்சல் 50 கோடி டாலர் போட்டது, அதுவும் தன் சொந்தத் தயாரிப்புக்கு.

புதிய தொடர் என்றால் ஏற்பாடே வேறு. நெட்ஃப்ளிக்ஸ் தயாரிப்புச் செலவு முழுவதையும், அதன்மேல் ஒரு லாப சதவீதத்தையும் முதலிலேயே கொடுத்துவிடும். ஸ்டூடியோவுக்குத் துண்டு விழாது. பதிலுக்கு மறுஒளிபரப்பு என்ற லாட்டரிச் சீட்டும் கிடையாது; தொடர் எங்கும் போகாமல் அங்கேயே இருக்கும். வருடத்துக்குப் பத்து எபிசோட். மூன்று நான்கு சீசனில் முடிந்துவிடும்.

'நெவர் ஹேவ் ஐ எவர்' நல்ல உதாரணம். தமிழ் அமெரிக்கப் பெண் தேவியின் கதை. நாயகி மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண். உருவாக்கியவர்களில் ஒருவர் மிண்டி கேலிங். அவர் முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர். 2020 முதல் 2023 வரை நாலு சீசன், மொத்தம் 40 எபிசோட். உலகமெங்கும் பார்த்தார்கள். பழைய கணக்கில் 40 என்பது விற்க முடியாத சரக்கு. மிண்டியே முன்பு நடித்து எழுதிய 'தி மிண்டி பிராஜெக்ட்' தொடரை 67 எபிசோடில் ஃபாக்ஸ் கைவிட்டபோது, ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் தளம் எடுத்து 117 வரை கொண்டுபோனது. பழைய உலகமும் புதிய உலகமும் உரசிக்கொண்ட இடம் அது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் நீண்ட காலம் வெளியே சொல்லவே இல்லை. எண் தெரியாமல் நடிகர் எதை வைத்துப் பேரம் பேசுவார்? 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலையை நிறுத்தியதில் இது ஒரு முக்கியக் காரணம். கடைசியில் ஒரு போனஸ் ஏற்பாடு வந்தது: தொடர் வெளியான முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையானோர் பார்த்தால் கூடுதல் ரெசிடுவல். அந்தக் கோட்டை எட்டும் தொடர்கள் கொஞ்சம்தான்.

எபிசோடுக்கு ஐம்பது லட்சம் டாலர் கொடுக்கிறோம் என்றும் ஜெரி சைன்ஃபெல்ட் மறுத்தார் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். பத்தாவது சீசனுக்கு என்பிசி வைத்த விலை அது. 22 எபிசோடுக்கு 11 கோடி டாலர். வேண்டாம் என்று சொல்லி 1998 மே 14 அன்று தொடரை முடித்தார். பைத்தியமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவரிடம் 180 எபிசோட் இருந்தது, அவற்றின் லாபத்தில் பங்கும் இருந்தது. தொய்ந்துபோன இன்னொரு சீசனைச் சேர்த்து அந்த 180-ன் மதிப்பைக் குறைத்துக்கொள்வானேன் என்று நினைத்திருக்கலாம். 2021-ல் அதே 180 எபிசோடுகள் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போயின. ஐந்து வருட வாடகை, வந்த செய்திகளின்படி, 50 கோடி டாலருக்கு மேல்.